கடல்நீர்த் தொட்டிப் பவளங்களும் மிகையொளியும்

கடல்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படும் பவளங்கள், தாங்கும் அளவுக்கு மேல் ஒளி பட்டு நிறமிழந்து நலிவதே மிகையொளிப் பாதிப்பு. ஆற்றல்மிக்க எல்இடி விளக்குகள் பரவிய பின் தொட்டி வளர்ப்பில் இது அடிக்கடி காணப்படுகிறது. ஒளியின் அளவு மட்டுமல்ல, அந்த அளவு எத்தனை விரைவாகக் கூடுகிறது என்பதும் பாதிப்பைத் தீர்மானிக்கிறது.

காரணம்

பவளத்தின் திசுக்களுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் உணவே பவளத்தின் ஆற்றல் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்கிறது. பாசி பயன்படுத்த முடிந்ததைவிட அதிக ஒளி விழும்போது, ஒளிச்சேர்க்கை அமைப்பிலுள்ள டி1 என்னும் புரதம் பழுதுபார்க்கப்படும் வேகத்தை மிஞ்சிச் சிதைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகிப் பாசியையும் பவளத் திசுவையும் தாக்குகின்றன. அப்போது பவளம் பாசிகளை வெளியேற்றுகிறது. நிறமற்ற திசுவின் ஊடாக வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதுவே வெளிறல். நீரின் வெப்பம் உயர்ந்திருந்தால் குறைந்த ஒளியிலும் இது நேரும்.

இயற்கைத் தற்காப்பு

பாசிகள் மிகுதியான ஒளியாற்றலை வெப்பமாக மாற்றி வெளிவிடுகின்றன. தம்மிடமுள்ள பச்சையத்தின் அளவையும் குறைத்துக்கொள்கின்றன. பவளமோ ஒளிரும் புரதங்களைத் திரையாகப் பயன்படுத்துகிறது. நிறமிகளை மாற்றியமைக்க நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காலம் தேவை. எனவேதான் திடீர் மாற்றம் ஆபத்தானது.

பாதிப்பு நேரும் சூழல்கள்

புதிய பவளத்தைத் தொட்டியில் இடும்போதும், ஒளி மங்கிய பழைய விளக்கை மாற்றும்போதும் பாதிப்பு மிகுதி. பவளத்தைத் தொட்டியின் மேல்பகுதிக்கு நகர்த்துவதும் அப்படியே. பலர் கவனிக்கத் தவறுவது நீரின் தெளிவை: மஞ்சள் படிந்த நீரைக் கிளர்வூட்டிய கரியால் வடிகட்டினால், விளக்கைத் தொடாமலேயே பவளத்தை எட்டும் ஒளி உயர்ந்துவிடும்.

அறிகுறிகள்

விளக்கை நோக்கிய மேற்பரப்பு முதலில் வெளிறும். நிழல்பட்ட அடிப்பகுதியில் நிறம் எஞ்சும். பவளத்தின் தனித்தனி உயிரிகளான பாலிப்புகள் சுருங்கி மூடிக்கொள்ளும். இதற்கு மாறாக, ஒளி போதாத பவளம் பெரும்பாலும் பழுப்பேறும்.

அளவிடல்

ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் மைக்ரோமோல் எண்ணிக்கையால் குறிக்கப்படுகிறது. வெப்பமண்டல நண்பகலில் கடல் மேற்பரப்பில் இது ஏறத்தாழ 2000. தொட்டிகளில் டிஸ்கோசோமா போன்ற காளான் பவளங்களுக்கு 50 முதல் 100 வரையும், யூபிலியா போன்ற பெரிய பாலிப்புப் பவளங்களுக்கு 100 முதல் 200 வரையும், அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப்புப் பவளங்களுக்கு 200 முதல் 400 வரையும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. லக்ஸ் அளவிகள் மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டியவை; தொட்டி விளக்குகளின் நீல ஒளியைக் குறைத்தே காட்டும். கண்மதிப்பும் இதே காரணத்தால் ஏமாற்றும்.

பாதுகாப்பு முறைகள்

புதிய பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்துவது எளிய முறை. தொட்டி முழுவதும் ஒளி மாறும்போது, விளக்கின் திறனைப் பாதியாகக் குறைத்து, மூன்று நான்கு வாரங்களில் மெல்லக் கூட்டலாம். திறனைக் குறைக்க வழியில்லாத விளக்கை உயரே தூக்கிக் கட்டலாம். அல்லது தொட்டியின் மேல் கொசுவலையைப் பல அடுக்காக விரித்து, சில நாட்களுக்கு ஓர் அடுக்காக அகற்றலாம். முழுத்திறன் ஒளி நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். நீரின் வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் நிலையாக இருப்பதும், பாஸ்பேட் முற்றிலும் அற்றுப்போகாதிருப்பதும் பவளத்தின் தாங்குதிறனைக் காக்கும்.

மீட்பு

வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று. கூட்டின் மேல் திசு எஞ்சியிருக்கும்வரை அதைத் தூக்கி எறியலாகாது. ஒளியைக் குறைக்க வேண்டும். ஆனால் இருளில் வைக்கக் கூடாது, ஏனெனில் எஞ்சிய பாசிகள் பெருகவும் ஒளி வேண்டும். பாசி தரும் உணவு குறைந்துள்ள இக்காலத்தில் நுண்ணிய விலங்கு மிதவையுயிரிகளை உணவாகத் தரலாம். பாதிப்பு கடுமையாக இல்லாவிட்டால், சில வாரங்கள் முதல் சில மாதங்களில் பாசிகள் பெருகிப் பவளம் மீண்டும் நிறம் பெறும்.