அம்மை ஒரு தடவைதான்... எச்.ஐ.வி?

அம்மை ஒரு தடவை போட்டா மறுபடி வராதுன்னு ஊர்ல பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. கிருமியை ஒரு முறை பார்த்துட்டா உடம்பு ஞாபகம் வெச்சுக்கும். தடுப்பூசியே அந்த ஞாபகத்தை நம்பித்தான். (ஜல்லியை நிறுத்திட்டு விஷயத்துக்கு வரேன்.)

எச்.ஐ.வி.யிலும் அப்படித்தான் இருக்கும்னு பலர் நம்பினாங்க. சிம்பன்சிகளுக்கு இரண்டாவது எச்.ஐ.வி. தொற்றை ஏற்படுத்த முடியும்னு 1987லேயே ஆய்வகத்தில் காட்டியாச்சு. மனுஷங்களுக்கு? 2002இல் பதில் வந்தது. பாங்காக்கில் ஊசி வழியா போதை மருந்து எடுத்தவங்க, ஜெனீவாவில் ஒருத்தர், பாஸ்டனில் ஒருத்தர். ஏற்கனவே எச்.ஐ.வி. இருந்தவங்களுக்கு, பிற்பாடு இன்னொருத்தரிடமிருந்து இரண்டாவது எச்.ஐ.வி. இதைத்தான் 'சூப்பர் இன்ஃபெக்ஷன்'ங்கறாங்க.

இதில் என்னை உலுக்கினது பாஸ்டன்காரர் கதைதான். தொற்று வந்த புதுசிலேயே மருந்து கொடுத்து, நடுநடுவே நிறுத்திப் பார்த்தாங்க. மருந்தில்லாமலே கொஞ்ச காலம் வைரஸை அடக்கி வெச்சிருந்தார். அவரோட சிடி8 செல்கள் வைரஸின் 25 இடங்களை அடையாளம் கண்டு தாக்கின. இவ்வளவு பெரிய படை இருந்தும் இன்னொரு வைரஸ் நுழைஞ்சிடுச்சு! அதுவும் அதே பி வகை. புரதங்களில் சுமார் 12 சதவீதம்தான் வித்தியாசம். ஆனா பழைய படைக்குத் தெரிஞ்ச இடங்களில் ஏறக்குறைய பாதி, புது வைரஸில் மாறியிருந்தது.

தடுப்பூசி ஆட்களுக்கு இது பேரிடி. நிஜத் தொற்றே காப்பாத்தலைன்னா ஊசி எப்படிக் காப்பாத்தும்? "நம்ம ரெண்டு பேருக்கும்தான் இருக்கே, இனி ஆணுறை எதுக்கு"ன்னு நினைச்ச தம்பதிகளுக்கும் இது முக்கியமான சேதி. (மருந்து ஒழுங்கா சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கினவங்க உடலுறவு மூலமா அதைப் பரப்பறதில்லைன்னு இப்போ தெரியும். 2002இல் அது தெளிவாகலை.)

அடுத்து கென்யா. மொம்பாசாவில் பாலியல் தொழில் செய்யும் பெண்களை 1993லேர்ந்து ஒரு ஆய்வுக் குழு தொடர்ந்து கவனிச்சு வந்தது. அதில் 36 பேரோட ரத்தத்தை ஆராய்ஞ்சதில் 7 பேருக்கு இரண்டாவது தொற்று இருந்ததுன்னு 2007இல் எழுதினாங்க. 2012இல் வந்ததுதான் ஆச்சரியம். இப்படி இரண்டு முறை தொற்றிய 12 பெண்களோட எதிர்ப்பொருட்களை, ஒரே தொற்று உள்ளவங்களோடதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இவங்களோடது அதிக வகை வைரஸ்களை, அதிக வலுவோட முடக்கியது.

ஆக, தடுப்பூசிக் கனவைக் கலைச்ச அதே விஷயம்தான், வேற வேற வைரஸ்களை அடுத்தடுத்துக் காட்டினா உடம்பு இன்னும் நல்லாக் கத்துக்கலாம்னு ஒரு வழியையும் காட்டுச்சு. அந்தப் பெண்களுக்கு அதனால் பெரிசா லாபம் இருந்திருக்காது. எதிர்ப்பொருள் தயாராகறதுக்குள்ள அவங்க உடம்பில் இருக்கிற வைரஸ் பொதுவா உருமாறித் தப்பிச்சிடும்.