பலாலி – மீனம்பாக்கம்: தூரத்தின் அரசியல்

பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு வான்வழியே சுமார் 355 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானைக்குச் சுமார் 330. யாழ்ப்பாணத்தாருக்குக் கொழும்பும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தொலைவு. திருச்சி இன்னும் கிட்ட, 185தான். இது வரைபடம் சொல்லும் கணக்கு. அரசுகள் போட்ட கணக்கு வேறு.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை என்று அன்று அட்டவணையில் சொல்லப்பட்ட பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. இலங்கையின் சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாசம் இருந்தது. யோசித்துப் பாருங்கள்: அந்த நாட்டின் முதல் விமான வழியில் யாழ்ப்பாணம் நட்ட நடுவில் இருந்தது. அதை விளிம்பாக்கியது கடலோ நிலமோ அல்ல, பிறகு வந்த தேசிய அரசு.

போர்க் காலத்தில் இந்த நேர்வழி கிடையாது. சென்னைக்கு முறைப்படி வர வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும்; தரைவழியே சுமார் 400 கிலோமீட்டர். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி சுமார் 650 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். அதாவது விட்டுவந்த ஊரின் அட்சரேகையையே ஆகாயத்தில் மறுபடி தாண்ட வேண்டும். இதுவும் ஏ-9 சாலை திறந்திருந்தால்தான். 1990 முதல் 2002 வரையும், 2006 முதல் 2009 வரையும் அது மூடிக் கிடந்தது.

சாலை மூடியபோது கொழும்புக்கும் விமானம்தான். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. 55 பேரும் மாண்டார்கள். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். புலிகளின் ஏவுகணை என்றே அரசு விசாரணை முடிவு கண்டது. எனவே அரசை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. விடுதலையின் பேரால் பேசியவர்களும் அந்த 330 கிலோமீட்டரைக் கொலைக்களமாக்கினார்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் மீண்டும் பலாலியில் இறங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. சிறிய ஏ.டி.ஆர். விமானம், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நல்ல விஷயம்தான். உறவுக்காரர் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வந்துபோக வழி கிடைத்தது சின்னக் காரியமல்ல.

ஆனால் அந்த ஓடுபாதையைச் சுற்றி யாருடைய நிலம்? 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்குச் சனங்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்து நான்கு வருஷம் கழித்து, 2013இல், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். போராட்டங்களுக்குப் பிறகு நிலம் துண்டு துண்டாக விடுபட்டது. முழுக்க இன்னும் விடுபடவில்லை.

பயண நேரம் என்று விமான நிறுவனம் அச்சிடுவது ஏறி இறங்குபவரின் நேரத்தை மட்டும். பக்கத்து முகாமில் பிறந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் அப்பனின் வளவை முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்கு முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. பலாலி எவ்வளவு தூரம் என்று கேட்டால் அவர்களுடைய கணக்கையும் சேர்த்துத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும்.