கண்ணுக்குள்ளிருந்து ஒரு சொட்டு

கொல்கத்தாவில் அம்மை போட்டால் ‘மாயேர் தொயா’ என்பார்கள், தாயின் தயை. நம் ஊரில் ஆத்தா வந்திருக்கா என்பது போலத்தான். அங்கே சீதளா, இங்கே மாரியம்மன். வேப்பிலை இருவருக்கும் பொது. ஆத்தா இறங்கினாலும் வைரஸ் போவதில்லை. நரம்பு முடிச்சில் படுத்துக் கிடந்து, பல வருஷம் கழித்து அக்கியாக எழும். அபூர்வமாகக் கண்ணுக்குள்ளேயே எழும்.

கண் சிவக்கும், வலிக்கும், பார்வையில் புகை படியும். 1971இல் ஜப்பானில் உராயாமா குழுவினர் ஆறு பேரிடம் இதைக் கண்டு எழுதினார்கள்: விழித்திரை ஓரத்திலிருந்து வெளுத்து, கடைசியில் பிய்ந்தே வந்துவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. கண்ணுக்குள் அழற்சி என்றால் ஸ்டீராய்டு என்பது பழகிய வைத்தியம். வைரஸ் குடியிருக்கும் கண்ணில் அதை மட்டும் கொடுப்பது, திருடன் உள்ளே இருக்கும்போது காவல்காரனைத் தூங்க வைப்பதுதான்.

துப்புக் கொடுத்தது, இந்த நோயால் எடுத்துவிட்ட ஒரு கண். 1982இல் அமெரிக்காவில் கல்பர்ட்சன் குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் விழித்திரையைப் பார்த்தபோது அம்மை வைரஸும் சேர்ந்த ஹெர்பிஸ் இனத்து வைரஸ் இருந்தது. மருந்தும் தயாராகத்தான் இருந்தது: கெர்ட்ரூட் எலியனின் ஆய்வகத்தில் உருவான அசைக்ளோவிர். வைரஸின் சொந்த நொதிதான் அந்த மருந்தை உசுப்பிவிடும். எதிரியின் சாவியாலேயே எதிரியைப் பூட்டுகிற வேலை.

ஆனால் நோயைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவர் கண்ணையும் எடுக்க முடியுமா? 1983இல் காரி முல்லிஸுக்குத் தோன்றிய பி.சி.ஆர். அந்தச் சிக்கலை அவிழ்த்தது. கண்ணின் முன்பகுதியில் இருக்கும் நீரில் 0.1 மில்லி போதும். மரத்துப்போக மருந்து விட்டு, 30 கேஜ் ஊசியைக் கருவிழியின் ஓரத்தில், ஐரிஸுக்கு இணையாகப் படுக்க வைத்து நுழைப்பார்கள். சாய்த்தால் லென்ஸ் போச்சு. சிரிஞ்சில் ஏறுவது ஒரு சொட்டு. அதில் வைரஸின் மரபணு இருந்தால் பல கோடிப் பிரதியாகப் பெருகிக் காட்டிக்கொடுக்கும்.

இப்படிப்பட்ட கண் வைத்தியத்துக்காக ஹவுராவில் கொரமண்டல் ரயில் ஏறிச் சென்னைக்கு வந்த வங்காளிகள் எத்தனையோ பேர். இப்போது சென்னைக் கண் மருத்துவமனையான சங்கர நேத்ராலயா கொல்கத்தா முகுந்தபூரிலேயே இருக்கிறது. எங்கே காட்டினாலும், கண்ணைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திருக்காமல் அசைக்ளோவிரைத் தொடங்கிவிடுவார்கள். ஸ்டீராய்டு அதற்குப் பிறகுதான். ஒரு கண்ணுக்கு எதற்கு ரத்தக்குழாயில் மருந்து ஏற்றவேண்டும் என்று வீட்டார் கேட்பார்கள். விட்டால், சில வாரங்களிலேயே அடுத்த கண்ணுக்கும் வரலாம்.