காகம் கடல் கடந்த கதை

விருந்தினர் வருகையை அறிவிக்கும் பறவை என்று காகத்தைப் பாடியமையால் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றவர் நச்செள்ளையார். குறுந்தொகையிலுள்ள அப்பாடலைக் கற்பிக்கும் போதெல்லாம், "சேர், எங்கட வேம்பில ஒவ்வொரு நாளும் நூறு காகம் அடையுது. விருந்து ஒண்டையும் காணேல்லை" என்று எவனாவது ஒருவன் சொல்லாமல் விடுவதில்லை.

வகுப்பு சிரிக்கும். ஆனால் புத்தூரில் இது சிரிப்புக்கு மட்டும் உரிய விடயமன்று. ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் நீரே நமக்குக் குடிநீர். திறந்த கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்திலே காகங்கள் இரவைக் கழித்தால் எச்சம் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பறவை கலைப்பதில் நம் முன்னோர் வல்லவர்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனம் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளிகளை ஓட்டுகின்றனர். நமது தோட்டத்து வெருளியும் அந்த வழிவந்ததே. ஆயினும் இவை பகலில் தானியம் தின்ன வரும் பறவைக்கு உரியவை. அந்தியில் உறங்க வரும் காகத்தை என்ன செய்வது? சனி விரத நாளிலும் திதி நாளிலும் அழைத்துச் சோறு வைத்த கை, அதன்மீது கல்லெறியத் தயங்குவது இயல்புதானே.

இத்தயக்கம் இல்லாதவர்கள் செய்த காரியமொன்று வரலாற்றில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதை ஒட்டி, மலாயாவின் கிள்ளான் பகுதியிலே கோப்பிச் செடிகளை மயிர்க்கொட்டிகள் அழித்தன. அவற்றைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுபோய் விட்டனர். புகையிரதத்திலும் கந்தோர்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறியதும் ஏறக்குறைய அதே காலந்தான். இளைஞர்களிற் பலர் 'மலாயன் பென்சனியர்' ஆகித் திரும்பி வந்தார்கள். காகங்கள் திரும்பவில்லை. கோப்பி போய் இறப்பர் வந்தது. காகமோ நகரக் குப்பையிலே பெருகிச் சிங்கப்பூர் வரை பரவிற்று. பிற்காலத்தில் கிள்ளான் நகராட்சி துப்பாக்கிக்காரரை அமர்த்திக் காகங்களைச் சுட வேண்டியதாயிற்று.

ஆபிரிக்காவிலும் இதே கதை. குப்பையைத் தின்று துப்புரவாக்கும் என்று 1890களில் சன்சிபார் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்தியக் காகம் கிழக்குக் கரையெங்கும் பரவியது. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாகக் கென்யாவின் வனவிலங்குச் சேவை அறிவித்தது. அழைத்தவரே நஞ்சு வைக்கும் நிலை. இதிலே பறவையின் குற்றம் எது?

எமது ஊரிலும் வெடி கொளுத்திக் கலைக்கலாம் என்றொரு யோசனை எழுந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். பொழுதுபட்ட பின் அந்த ஓசை வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. வெடியால் நெடுநாட் பயனும் இல்லை. நாலைந்து நாளிலே அது வெறும் சத்தந்தான் என்று காகம் கண்டுகொள்ளும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முகமூடி அணிந்து நடத்திய ஆய்வில், தம்மைப் பிடித்தவரின் முகத்தை அங்குள்ள காகங்கள் ஆண்டுக்கணக்கில் மறக்கவில்லை என்று கண்டனர்.

பயன் தருவது அரிவாளும் மண்வெட்டியுமே. அடர்ந்த கிளைகளை இடையிடையே கழித்து வெளிச்சமும் காற்றும் புகவிட்டால் அம்மரத்தை உறங்குமிடமாகக் காகம் விரும்பாது. கூடு கட்டத் தொடங்குமுன் கழித்தால் முட்டையை உடைக்கும் பழியும் இல்லை. (குயிலுக்கும் அது உதவி, அதன் முட்டையும் அங்கேதானே கிடக்கும்!) மீன் கழிவையும் எச்சிற் சோற்றையும் ஆழப் புதைக்க வேண்டும். கிணற்றுக்கு மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால், விழும் கிளையையும் சருகையும் அது தாங்கும். எச்சத்தை வலை தடுக்காது; ஆதலால் கிணற்றின்மேல் நீளும் கொப்பைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.