எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்கு, எந்த வகை? தேர்வின் அளவுகோல் குறித்த ஒரு மறுபரிசீலனை

முன்னுரை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காடாக இருந்தனர். 2019-21இல் அது 40.4 விழுக்காடாக உயர்ந்தது. முன்பு பெருநகரங்களில் மட்டும் அரிதாகச் செய்யப்பட்டுவந்த எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை இன்று கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களிலும் கிடைக்கிறது. அதை நாடுவோர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன: அறுவை சிகிச்சை தேவையா, தேவையென்றால் எந்த வகை? முதல் கேள்விக்கு உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கொண்டும், இரண்டாவதற்கு எத்தனை கிலோ குறையும் என்ற கணக்கைக் கொண்டும் விடை சொல்வதே நடைமுறையாகிவிட்டது. இவ்விரு அளவுகோல்களும் போதாதவை என்று இக்கட்டுரை வாதிடுகிறது. எந்த நோயிலிருந்து விடுபடுவதற்காக அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது, அதற்குப்பின் வாழ்நாள் முழுதும் தேவைப்படும் பராமரிப்பை அந்த மனிதரால் கைக்கொள்ள முடியுமா என்ற இரண்டையும் முதலில் தீர்மானித்தால், வகை பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் அதிலிருந்தே விடை கிடைத்துவிடும் என்பதே இதன் மையக் கருத்து.

குறியீட்டெண் சொல்வதும் சொல்லாததும்

உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் எண். இந்த எண் 40ஐத் தாண்டியவர்களுக்கும், கடுமையான இணைநோய்களோடு 35ஐத் தாண்டியவர்களுக்கும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1991இல் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு வரையறுத்தது. அந்த வரையறை பெரும்பாலும் மேலைநாட்டு உடல்களைப் பற்றிய அறிவின்மேல் எழுந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் தங்கள் இருவரின் உடல்களையே ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட சிறு குறிப்பு, அதன் போதாமையைத் தெளிவாகக் காட்டியது: இருவரின் குறியீட்டெண்ணும் 22.3ஆகவே இருக்க, உடலின் கொழுப்பு யுட்கினிடம் 9.1 விழுக்காடாகவும் இந்தியரான யாக்னிக்கிடம் 21.2 விழுக்காடாகவும் இருந்தது. தெற்காசியர்களிடம் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் மிகுதியாகச் சேர்வதால், குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் தொடங்கிவிடுகின்றன.

இதை ஏற்று, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையாளர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவான வரம்பை 35ஆகவும், ஆசிய மக்களுக்கு 27.5ஆகவும் தாழ்த்தியது. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிகள் பழைய 40, 35 என்ற எண்களையே பின்பற்றுகின்றன. இதனால் குறியீட்டெண் 31 கொண்ட, நீரிழிவு தொடங்கி மூன்றாண்டுகளே ஆன ஒருவர் மருத்துவ வழிகாட்டுதலின்படி தகுதியுடையவராக இருந்தும் காப்பீட்டுக்கு வெளியே நிற்க, இணைநோய் ஏதுமற்ற 41 கொண்ட இன்னொருவர் உள்ளே வந்துவிடுகிறார். வரம்பெண் யாரைப் பரிசீலிக்கலாம் என்று மட்டுமே சொல்லும். யாருக்கு நன்மை மிகுதி என்பதை அது சொல்வதில்லை.

எடைக்கு அப்பாற்பட்ட பயன்

அறுவை சிகிச்சையின் நெடுநாள் பயனைப் பற்றிய முதன்மையான சான்று 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய ஆய்வு. அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,010 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் அது தொடர்ந்து கவனித்தது. குலுக்கல் முறையில் பங்கேற்பாளர்களைப் பிரிக்காத ஆய்வு என்பதும், அதில் பெரும்பாலோருக்குச் செய்யப்பட்ட முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது என்பதும் அதன் குறைபாடுகள். ஆயினும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்தது என்று 2007இல் அது காட்டியது, அதுவரை அழகியல் சார்ந்ததாகக் கருதப்பட்டுவந்த ஒரு சிகிச்சையை உயிர்காப்புச் சிகிச்சையின் தளத்துக்கு உயர்த்தியது.

அதே ஆய்வின் இன்னொரு முடிவு, தேர்வு செய்பவருக்கு மேலும் முக்கியமானது. அறுவை சிகிச்சைக்குப்பின் இரண்டாம் ஆண்டில் நீரிழிவு தணிந்திருந்தவர்கள் 72 விழுக்காட்டினர். பத்தாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. இதை வைத்து இச்சிகிச்சை வீண் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றுக்கு ஓய்வளிக்கும் ஆண்டு என்பதால் அந்த வாதம் நிற்பதில்லை. நீரிழிவின் சிக்கல்கள் குறைந்ததையும் அதே ஆய்வே பின்னர் பதிவு செய்தது. உண்மையில் இந்த எண்கள் உணர்த்துவது காலத்தின் முக்கியத்துவத்தை. இன்சுலினைச் சுரக்கும் கணையச் செல்கள் எஞ்சியிருக்கும்போது செய்யப்படும் அறுவை சிகிச்சை மிகுதியாகப் பயன் தருகிறது. பதினைந்து ஆண்டு நீரிழிவுக்குப்பின், இன்சுலின் ஊசியைச் சார்ந்திருக்கும் நிலையில் செய்யப்படுவது எடையைக் குறைத்தாலும் நோயைப் பெரிதாகத் தணிப்பதில்லை.

வகைகளின் உடற்கூறும் அவற்றின் விளைவும்

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்னும் முறை. இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய முக்கால் பங்குக்கும் மேலான பகுதி வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயாக மாறுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் பகுதியும் அதோடு நீங்குகிறது. குடல் தொடப்படுவதில்லை என்பதால் அறுவை எளிது, நேரமும் குறைவு. ஆனால் அகற்றியதை மீண்டும் வைக்க இயலாது. ‘பைபாஸ்’ என்னும் முறையில் இரைப்பையின் மேற்பகுதி சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகத் துண்டிக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தாண்டிச் செல்கிறது. ‘மினி பைபாஸ்’ என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் ஒற்றை இணைப்பு முறையில், நீண்ட குறுகிய இரைப்பைப் பை ஒரே இடத்தில் குடலோடு தைக்கப்படுகிறது.

ஸ்லீவின் எளிமைக்கு ஒரு விலை உண்டு. பை போன்றிருந்த இரைப்பை குழாயாகும்போது அதனுள் அழுத்தம் உயர்கிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள சுருக்குத்தசையும் தளரக்கூடும். இரவில் படுக்கும்போது அமிலம் தொண்டைவரை எதுக்களிக்கக்கூடும். பின்லாந்தில் 240 பேரைப் பைபாஸ், ஸ்லீவ் என இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் பிரிவில் 31 விழுக்காட்டினரிடமும் பைபாஸ் பிரிவில் 7 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. எடைக் குறைப்பில் பைபாஸுக்கு இருந்த முன்னிலை இந்த வேறுபாட்டின் அளவுக்குப் பெரியதன்று. ஆகவே, ஏற்கெனவே நெஞ்செரிச்சலால் துன்புறும் ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி செய்யாமலேயே, எளிது என்ற காரணத்தால் ஸ்லீவைப் பரிந்துரைப்பது நோயாளியைவிட அறுவையின் வசதியை முன்னிறுத்தும் தேர்வாகும்.

ஸ்லீவே பொருத்தமான சூழல்களும் உண்டு. மூட்டுவலிக்காக வலிநிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியவர்களுக்கும், புகைப்பழக்கத்தை விட முடியாதவர்களுக்கும் பைபாஸில் இணைப்பு இடத்தில் புண் ஏற்படும் ஆபத்து மிகுதி. முன்பே பலமுறை வயிற்று அறுவை செய்துகொண்டு குடல் ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் குடலைத் தொடாத முறையே பாதுகாப்பானது. ஒற்றை இணைப்பு முறையைப் பொறுத்தவரை, 2019இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு அது எடைக் குறைப்பில் பைபாஸுக்குப் பின்தங்கவில்லை என்று காட்டியதோடு, கடுமையான ஊட்டச்சத்துச் சிக்கல்கள் அந்த முறையில் மட்டுமே தோன்றியதையும் பதிவு செய்தது. புலால் உண்ணாதவர்கள் கணிசமாக உள்ள நாட்டில் இதை எளிதாகக் கடந்துவிட முடியாது.

நீரிழிவைப் பொறுத்தவரை, கிளீவ்லண்ட் கிளினிக் குழுவினர் 2017இல் முன்வைத்த மதிப்பீட்டு முறை பயனுள்ளது. நோய் தொடங்கி எத்தனை ஆண்டுகள், எத்தனை மாத்திரைகள், இன்சுலின் உண்டா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்ற நான்கையும் கொண்டு நோயின் கடுமையை அது மூன்றாகப் பிரிக்கிறது. தொடக்க நிலையில் ஸ்லீவ், பைபாஸ் ஆகிய இரு முறைகளும் நன்கு பயனளிக்கின்றன. நடுத்தர நிலையில் பைபாஸ் தெளிவாக முந்துகிறது. முற்றிய நிலையில் இரண்டின் பயனும் குறைந்து ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், ஆபத்து குறைந்த ஸ்லீவே போதும் என்றாகிறது. நோயின் நிலையிலிருந்தே வகை பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வாழ்நாள் பராமரிப்பு

அறுவை அரங்கில் கழியும் ஓரிரு மணி நேரத்தைவிட, அதற்குப் பின்வரும் முப்பது ஆண்டுகளே சிகிச்சையின் பெரும்பகுதி. உணவோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி நேர இடைவெளி விட வேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சேர வேண்டும். சோறும் சாம்பாரும் கலந்த வழக்கமான உணவில் வயிறு சோற்றாலேயே நிரம்பிவிடும் என்பதால், முட்டை, மீன், பருப்பு, தயிர், பனீர் ஆகியவற்றை முதலில் உண்டு, இடம் இருந்தால் மட்டுமே சோறு என்ற வரிசைக்குச் சமையலறையே மாற வேண்டியிருக்கிறது. இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின், கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குத் தையமின் என்னும் பி1 குறைந்தால் மூளையும் நரம்பும் நிலையாகப் பாதிக்கப்படக்கூடும். பைபாஸுக்குப்பின் மது விரைவாக ரத்தத்தில் ஏறுவதால் குடிநோய் உருவாகும் ஆபத்தும் கூடுகிறது. பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், திருமணத்தை முன்னிட்டுச் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குப்பின் விரைவில் குழந்தை வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெண்ணின் உடல்நிலையோடு நேராக மோதக்கூடும்.

ஊசி மருந்துகள் எழுப்பும் மறுப்பு

செமாக்ளுடைட், டிர்செப்படைட் ஆகிய ஊசி மருந்துகள் வந்தபின் அறுவை சிகிச்சைக்கே தேவையில்லை என்ற மறுப்பு வலுத்துள்ளது. ஆய்வுகளில் முன்னது சுமார் 15 விழுக்காடும், பின்னது உயர் அளவில் ஏறத்தாழ 21 விழுக்காடும் எடையைக் குறைத்தன; 2025 முதல் இரண்டும் எடைக் குறைப்புக்கென இந்தியச் சந்தையில் உள்ளன. இம்மறுப்பில் உண்மை உண்டு: இணைநோய் குறைந்த, எடை நடுத்தரமான ஒருவர் மருந்தை முதலில் முயல்வதே முறை. ஆனால் செமாக்ளுடைடை நிறுத்தியவர்களுக்குக் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியது. மருந்தும் வாழ்நாள் பொறுப்பையே கேட்கிறது. மாதந்தோறும் அதற்கான செலவைத் தாங்க முடியாதவருக்கு அறுவை சிகிச்சையே நிலையான வழியாக அமையக்கூடும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து கேள்விகளின் வரிசை தெளிவாகிறது: தணிக்க வேண்டிய நோய் எது, அது எந்த நிலையில் உள்ளது, எண்டோஸ்கோப்பி என்ன காட்டுகிறது, உணவுப் பழக்கம், மது, புகை, மனநலம் எவ்வாறு உள்ளன, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனைக்கு வரவும் மாத்திரைகளை வாங்கவும் வழியுண்டா, இவற்றுக்குப் பின்னரே எந்த முறை. ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்திடும் முன், அவருக்கு அந்த முறை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற காரணம் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். காப்பீட்டு விதிகளும் எடையைவிட நோயை முன்வைத்துத் திருத்தப்பட வேண்டும். இவ்வரிசையில் கேட்டபின் ‘இப்போது வேண்டாம்’ என்று விடை வந்தால், அதுவும் நோயாளியின் நலனில் அக்கறை கொண்ட முழுமையான மருத்துவ முடிவே ஆகும்.