அஸ்பராஜின்

பெயர்ச்சொல். புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் ஒன்று. முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதும் இதுவே. 1806இல் பிரான்ஸில் வோக்லான், ரோபிகே என்ற வேதியியலாளர்கள் அஸ்பாரகஸ் தண்டின் சாற்றைச் சுண்டவைத்தபோது படிகமாகத் திரண்டது. செடியின் பெயரே ஒட்டிக்கொண்டது. அஸ்பாரகஸ் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு அதே பேரினம்.

மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் இந்தச் சொல் அடிபடத் தொடங்கியது 2018இல். கேம்பிரிட்ஜின் கிரெக் ஹனன் குழு, எலிகளில் அஸ்பராஜினைக் குறைத்துப் பார்த்தது. மார்பில் இருந்த மூலக்கட்டி பெரிதாக மாறவில்லை. நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது. பரவப் புறப்படும் செல், பக்கத்துச் செல்களோடு உள்ள பிடிப்பை விட்டு நகரும் தன்மையைப் பெற வேண்டும். அதற்கு உதவும் புரதங்களில் அஸ்பராஜின் சற்று அதிகம். செல்லின் வளர்சிதை மாற்றத்தில் ஒரு சரக்கு குறைந்தால் பயணமே தடைபடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் அஸ்பாரகஸை ஒதுக்க வேண்டாம். பால், முட்டை, மீன், உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இது உண்டு. போதாததற்கு உடலே தயாரித்துக்கொள்ளும். மேலும், அது எலி ஆய்வு.

தொடர்புடைய சொல்: அஸ்பராஜினேஸ். அஸ்பராஜினைச் சிதைக்கும் நொதி. அந்த எலிகளுக்குச் செலுத்தப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகளாக ஊசி மருந்தாகப் புழக்கத்தில் உள்ளது.