குற்றப்பரம்பரைச் சட்டம் (மதுரை வட்டாரம்)

பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் 1871-இல் வட இந்தியாவுக்கென இயற்றி, 1911-இல் திருத்திச் சென்னை மாகாணத்திலும் அமுலாக்கிய இச்சட்டம், சில ஜாதிகளைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளெனப் பதிவு செய்ய அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. மதுரைச் சீமையில் இதற்கு முதலில் இலக்கானோர் பிரமலைக் கள்ளர். ஊர்க்காவலும், களவுபோன மாட்டை மீட்டுத் துப்புக்கூலி பெறுவதும் அவர்களுடைய பழைய பாத்தியதைகளாயிருந்தன. 1896-ஐ ஒட்டி எழுந்த ‘பண்டு’ கிளர்ச்சி அக்காவல்முறையை எதிர்த்தது.

திருநகருக்கு அணித்தே, சமணமலை அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் 1914-இல் அறிவிக்கப்பட்டனர். 1918-இல் ஜில்லாவிலுள்ள பிரமலைக் கள்ளர் அனைவருக்கும் சட்டம் விரிந்தது. ஜனங்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். விரல்ரேகை பதிந்த ஆடவர்கள் இரவு 11 மணிமுதல் விடியும்வரை போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ படுத்திருக்கவேண்டும். வெளியூரில் இரவு தங்க நேரிட்டால், போகும் ஊரையும் காரியத்தையும் குறித்த ‘ராத்திரிச்சீட்டு’ வாங்கிச் செல்லவேண்டும். மணமான அன்றிரவே மாப்பிள்ளை சாவடிக்குப் போன கதையை இவ்வட்டாரத்துக் கிழவிகள் பலவிதமாகச் சொல்வதுண்டு. ஒரு சமூகத்தின் சந்தையையும் விருந்தையும் துக்கத்தையும் அந்தத் துண்டுக் காகிதமே பல்லாண்டுகள் ஆண்டது என்பதை ஆவணங்களைக் காட்டிலும் இக்கதைகளே தெளிவாய் உணர்த்துகின்றன. இதுபோலவே தென்னாப்பிரிக்காவிலும் கறுப்பர்கள் அனுமதிச்சீட்டின்றி நடமாடுவது குற்றமாயிருந்தது.

உசிலம்பட்டிக்கு அப்பால் உள்ள பெருங்காமநல்லூரார், ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே போலீஸார் சுட்டதில் மாண்டவர் 16 பேர் என்பது பெருவழக்கு. 17 என்போரும் உளர். மாண்டோருள் மாயக்காள் என்னும் பெண் ஒருத்தியும் உண்டு. அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றவள் அவள் என்பது ஊரார் கூற்று. கைதானவர்கள் சங்கிலியிடப்பட்டுத் திருமங்கலம் வரை நடத்திச் செல்லப்பட்டனர் என்றும் கூறுவர். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீலாயிருந்த ஜார்ஜ் ஜோசப், இம்மக்களுக்காக வாதாடியவர். கோட்டில் அவர் அணிந்த ரோஜாவால் ‘ரோசாப்பூ துரை’ என்னும் பெயர் அமைந்ததென்பர்; தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை இட்ட குடும்பங்கள் பல.

கண்காணிப்புக்கிடையே அரசாங்கம் கள்ளர் சீரமைப்பு இலாகாவை அமைத்துப் பள்ளிகளும் விடுதிகளும் திறந்தது. இதனைத் தர்மகாரியமென்போரும், சட்டத்தின் மற்றொரு கை என்போரும் உண்டு. எவ்வாறாயினும், அப்பள்ளிகளில் எழுத்தறிந்த தலைமுறையே பின்னாளில் சட்டத்தை எதிர்த்து மனு எழுதவும் மேடையேறவும் முன்நின்றது. முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் அச்சட்டத்தின் ஒழிப்புக்குக் குரல் கொடுத்தனர்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது. 1952-இல் தேசமெங்கும் ரத்தாயிற்று. அவ்வாண்டிலேயே தென்னாப்பிரிக்க அரசு அனுமதிச்சீட்டு முறையைச் சட்டமியற்றி மேலும் இறுக்கியது. இங்கோ வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் பின்தொடர்ந்தன. விடுவிக்கப்பட்டோர் இப்போது சீர்மரபினர் எனப்படுகின்றனர். சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொணரும் திட்டம் 2023-இல் தமிழக வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.